ரெண்டும் ஒண்ணாத்தான் போவும்

டாக்டர் நூருன்னிசா காலமான செய்தி வந்தபோது நான் கையுறை மாட்டி அறுவை அரங்கில் நின்றிருந்தேன். மேசையில் இருந்த பெண்ணின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். செய்தி சொன்ன நர்ஸ் அழுதுவிட்டாள். எனக்கு அழ நேரமில்லை. முதலில் வந்தது ஊரைக் கூட்டியது. சின்னது கொஞ்சம் யோசித்துவிட்டுக் கத்தியது. பழக்க தோஷம், அதை வாங்கிக்கொள்ள நூருவின் கைகளைத் தேடிப் பக்கத்தில் திரும்பினேன். அவர் ஓய்வு பெற்றே சில ஆண்டுகள் ஆகின்றன. அப்புறம்தான் அழுதேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரே அரசு மருத்துவமனையில் நான் பிரசவ டாக்டர், அவர் குழந்தைகள் டாக்டர். "நீ எடுத்துக் குடுத்துட்டுப் போய்டுவ, மீதி ஆயுசுக்கு நான்தான் பொறுப்பு" என்று என்னை வம்புக்கு இழுப்பார். அவர் குரல் வார்டில் கேட்டால் புறநோயாளிகள் வரிசை நேராகும்.

அப்போதெல்லாம் இரட்டையரில் தேறிய குழந்தையைத் தாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். எடை குறைந்தது வார்டிலேயே தங்கும். சோளிங்கர் பக்கம் ஒரு பிள்ளை, இங்கே ஒரு பிள்ளை என்று பச்சை உடம்புக்காரி எத்தனை நாள் அலைவாள்? பால் குறையும், வருவது குறையும். கடைசியில் அந்த வீட்டுக்கு நாங்கள் போன் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் போனைச் செய்ய எங்களில் ஒருவருக்கும் மனம் வராது.

நூரு அந்த வழக்கத்தை நிறுத்தினார். கட்டில் இல்லை என்று நான் சண்டைக்குப் போனேன். "ரெண்டும் ஒண்ணா வந்துச்சி, ஒண்ணாத்தான் போவும். கட்டிலுக்கு நான் பேஜார் பண்ணிக்கிறேன்" என்றார். தலைமை டாக்டரிடம் போய்ப் பேஜார் பண்ணி வாங்கியும் வந்தார்.

அந்த நாட்களில் வந்தவர் ஜமீல், ஆம்பூர் டேனரியில் தோல் பதனிடும் வேலை பார்ப்பவர். அவர் மனைவி சுரையாவுக்கு மாதம் நிறையும் முன்பே இரண்டு ஆண் பிள்ளைகள். பெரியவனுக்கு மட்டும் இர்ஃபான் என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவன் வெறும் 'சின்னது'. அவன் தங்குவான் என்று வீட்டில் யாருக்கும் நம்பிக்கையில்லை. அவனைச் சூடு விடாமல் மார்போடு அணைத்து வைக்க ஆள் வேண்டும். தாயிடம் பெரியவன் இருந்தான். ஜமீலோ வார்டு வாசலைத் தாண்டவில்லை. குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் தன் மேல் தோல் வாடை போகாது, பிள்ளைக்கு ஆகாது என்று தயங்கினார்.

"இன்னா வாடை? நான் ஆம்பூர்ல பொறந்தவ. உன் புள்ளையும் ஆம்பூர்தான். சட்டையக் கழட்டிட்டு உள்ள வா" என்றார் நூரு. மார்பில் பிள்ளையை வைத்துத் துணியால் கட்டியதும், பெயர் இல்லாதவனைத் தான் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். ஜமீல் அங்கேயே ரஹீம் என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். வேலை முடிந்த நேரமெல்லாம் அந்த மனிதர் வார்டில் மகனைச் சுமந்து உட்கார்ந்திருந்தார். ரஹீம் தேறினான். இருவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள்.

ஒருமுறை வேலூரில் ஒரு கூட்டம். நாட்டில் சிசு மரணம் குறைந்துகொண்டே வருவதைத் திரையில் ஒரு கோடாகக் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினோம். நூருவும் தட்டிவிட்டு எழுந்தார். கல்யாண வயது தள்ளிப்போகிறது, கருத்தரிப்பு சிகிச்சை பெருகுகிறது, அதனால் இரட்டைப் பிரசவமும் கூடுகிறது, அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டார். அந்தக் கோடு அவ்வளவு இறங்கியிருக்கவில்லை. "இதையும் எறக்கிட்டு அப்புறம் ஜாஸ்தியா கை தட்டுவோம்" என்று சொல்லி உட்கார்ந்தார். எங்கள் வார்டில் அதை இறக்கியும் காட்டினார்.

ஜனாஸா புறப்பட்டபோது அவர் வீட்டு வாசலில் நின்றேன். தோள் கொடுத்தவர்களில் முன்னால் இர்ஃபான். அவனுக்குப் பின்னால், அண்ணனைவிட ஒரு பிடி உயரமாக, ரஹீம். அடையாளம் காட்டிய ஜமீலுக்கு முகத்தில் அழுகையும் பெருமையும் கலந்திருந்தன. எனக்கும் அப்படித்தான்.

செய்தி வந்த அன்று பிறந்த இரண்டில் பெரியது சீக்கிரமே தேறிவிட்டது. தகப்பன் ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர். பெரியதை மட்டும் கூட்டிப்போகட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணா வந்துச்சி" என்று ஆரம்பித்தேன். குரல் தானாக உயர்ந்தது. வார்டில் பழைய நர்ஸ்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மிச்சத்தை அவர்களே சொல்லி முடித்தார்கள். நூருவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம்தான்.

சின்னதும் தேறிவிட, நேற்று ஆட்டோவை வார்டு வாசலுக்கே வரச்சொன்னேன். அம்மா கையில் சின்னது, அப்பா கையில் பெரியது. தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நூரு, ரெண்டும் வீட்டுக்குப் போய்டுச்சிங்க.