மூன்று பெல் அடித்த படம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்.

சைக்கிள் பெல், மூன்று தடவை. அவ்வளவுதான், தியேட்டர் விசிலில் அதிரும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் செட்டுக்கு அதுதான் உயிர்ப்படம். ப்ளஸ் டூ பையன் தான் காதலிக்கும் பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே வந்து மூன்று பெல் அடிப்பான். அவள் எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் அப்பா கண்டுபிடித்து அவளை வீட்டில் பூட்டிவைப்பார். அவன் மழையில் நனைந்தபடி பெல் அடித்துக்கொண்டே நிற்பான். தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுதாலும் புத்தி வியாபாரத்தில்தான்... பாரிமுனைக்குப் போய், படத்தில் வந்த மாதிரியே குண்டு பெல்லாக மொத்தமாக வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் பையன்களிடம் விற்றேன். சாயங்காலமானால் எல்லா வரிசையிலும் மூன்று பெல். இன்று திருமுல்லைவாயிலில் இருக்கும் என் சைக்கிள் கடைக்கு அதுதான் ஆரம்பம். இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் அந்தப் படம். மனைவி கலாவையும் கூப்பிட்டேன். அவளும் அதே குவார்ட்டர்ஸ்காரிதான். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பூண்டு உரித்தபடி வந்து உட்கார்ந்தாள்.

படம் தேறவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே கேமரா போகவே இல்லை. பாட்டு முழுக்க வெளியே நனைகிறவன்தான்.

"இன்னா கலா, படம் இவ்ளோ டல்லா கீது?"

"எனக்கு அப்பவே புடிக்காது."

"நீ எங்க பாத்த?"

"பாக்கல. பெல்லு மட்டும் கேட்டேன்."

பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ப்ளஸ் ஒன் படிச்சிக்கினு இருந்தேன். எவனோ எங்க ஊட்டாண்ட மூணு பெல்லு அடிச்சான். எனக்கா, மாடி ஊட்டுப் பொண்ணுக்கா, தெரியாது. நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கினு இருந்த நைனா எய்ந்துட்டாரு. அதோட ஸ்கூலு க்ளோஸ். கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட்டு."

வீட்டு வேலைக்காகப் படிப்பை நிறுத்தினோம் என்றுதான் பெண் பார்க்கப் போனபோது மாமனார் சொன்னார். இப்போது அவரும் இல்லை, யாரைக் கேட்க...

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"வர்றவன் போறவனாண்டல்லாம் நீதான் பெல்லு கதைய உட்டுக்கினு கீறியே. நடுவுல நான் எதுக்குய்யா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய செட்டு வாட்ஸப்பில் கூப்பிடுகிறது, படம் தியேட்டருக்கு மறுபடி வருகிறதாம். "மாமே, ஒரு பெல்லு எத்துனு வந்துரு." நண்பர்களே, நான் வரவில்லை. ஏன் என்று ஆளாளுக்குப் போன் போடுவீர்கள், அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.

அன்றைக்கு வெளியே நனைந்தவனுக்காக அழுதோம். உள்ளே இருந்தவள் இத்தனை வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று கடைக்கு வந்த சேல்ஸ் தம்பி கேட்டான், "அண்ணாத்தே, கடைய எப்டி ஆரம்பிச்சீங்க?"

பெல்லை விட்டுவிட்டு டயரிலிருந்து தொடங்கினேன்.

பில் போட்டுக்கொண்டிருந்த கலா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்... மறுபடி குனிந்துகொண்டாள்.