கல்லறைத் திருநாள் தாளில் மூன்றாவது பெயர்

ஒக்டோபர் பிறந்தால் இம்மாகுலேற்றோடு ஆராலும் கதைக்க முடியாது. இங்கே பிரான்சில், மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில், எனக்கு மேல் மாடியில் இருக்கிறாள். பகலில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை, பின்னேரம் மகள் நிரஞ்சலாவோடு சண்டை.

"ரதியக்கா, லா சப்பல் கடைத்தெரு முழுக்கப் பேய்ப்படம் தொங்குது. செத்தவையை வைச்சு விளையாடுறதும் ஒரு பெருநாளே?" என்று படியில் கண்ட இடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வாள். ஹாலோவீனை நான் கண்டுபிடித்தது மாதிரி இருக்கும்.

ஆனால் கோபம் பேய்முகம் வெட்டிக் கடைகளில் வைக்கிற அந்தப் பூசணிக்காயில் இல்லை. போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் வட்டுவாகலில் அவளுடைய கணவன் சாந்தனை இராணுவம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் கிடையாது. இங்கே எந்தப் படிவத்தை நீட்டினாலும் மணமானவரா, விதவையா என்று கேட்கிறது. மணமானவர் என்று போட்டால் கணவரின் கையெழுத்து எங்கே என்கிறார்கள். விதவை என்றால் மரணச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். "ரெண்டும் இல்லாமல் எப்பிடியெண்டு என்னட்டைக் கேக்கினம். எனக்குத் தெரிஞ்சால் நான் ஏன் இந்த வரிசையிலை நிக்கிறன்?" என்பாள். துணைக்குப் போய் நின்று நானும் பல்லைக் கடித்திருக்கிறேன்.

போதாததற்கு நவம்பரில் கத்தோலிக்கரின் கல்லறைத் திருநாள். நான் சைவக்காரி, இவளோடு பழகித்தான் அந்த வழக்கம் தெரியும். ஊரில் என்றால் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்களாம். இங்கே கல்லறை இல்லாதவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். தமிழ்ப் பூசையில் எல்லாப் பெயரையும் வாசித்து, தாள்களைப் பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியில் மாதம் முழுக்க வைத்திருப்பார்கள். தாளை வீடு வீடாகக் கொண்டுவருகிறவர் கடை வைத்திருக்கும் பத்திநாதர். நல்ல மனிதர்தான், ஆனால் விடமாட்டார்.

"தங்கச்சி, சாந்தன்ரை பேரையும் எழுதுவமே? ஆத்துமாவுக்கு நல்லது."

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு என்னத்துக்கண்ணை ஆத்துமப் பூசை?"

தாய் பெயர், தகப்பன் பெயர். இரண்டோடு நிறுத்திவிடுவாள். ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். எனக்கே அலுத்துப்போனது.

இரண்டாயிரத்துப் பதினேழில், விடுமுறைக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் நிரஞ்சலாவுக்கு அந்தப் பூசணிக்காயின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். தாய் வேலையால் வரும்வரை என் குசினியில்தான் இருப்பாள். பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாக எனக்குச் சொன்னாள். அயர்லாந்தில் ஜாக் என்று ஒரு குடிகாரன். மரத்தில் ஏறிய சாத்தானைச் சிலுவைக் குறி போட்டு இறங்கவிடாமல் மடக்கி, தன்னை நரகத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று வாக்கு வாங்கிவிட்டான். செத்த பிறகு மோட்சத்தில் அவனை எடுக்கவில்லை. நரகத்துக்குப் போனால் சாத்தான் கொடுத்த வாக்கைக் காட்டித் துரத்திவிட்டது. இருட்டில் போக ஒரு தணலை மட்டும் எறிந்ததாம். அதைக் குடைந்த கிழங்குக்குள் வைத்துக்கொண்டு நடந்துதிரிகிறான். கிழங்கு பிறகு அமெரிக்காவில் பூசணிக்காயாக மாறியது.

"இப்பவும் நடக்கிறானோ அன்ரி?"

எனக்கு அடுப்பில் மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. "ஓம் பிள்ளை."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஆராவது உள்ளுக்கு விடுமட்டும்," என்றேன். தொல்லை விட்டால் போதும் என்று சொன்னதுதான்.

அந்த வாரம் இம்மாகுலேற் தாளை உறையில் போட்டு, பத்திநாதரின் கடையில் கொடுக்கும்படி மகளிடம் கொடுத்துவிட்டாள்.

பூசைக்கு நானும் போனேன். பெயர்கள் வாசிக்க வாசிக்க அங்கங்கே விசும்பல். இம்மாகுலேற்றின் தாய் பெயர் வந்தது, தகப்பன் பெயர் வந்தது. அடுத்ததாக, "மரியநாயகம் சாந்தன்."

அவள் எழும்பி நின்றுவிட்டாள். கையிலிருந்த மெழுகுதிரி வழிந்து விரலில் ஊற்றியது, உதறவும் இல்லை. பூசை முடிந்ததும் நேரே பத்திநாதரிடம் போனாள்.

"அவர் செத்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? என்ரை தாளிலை எழுத உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

மனிதர் இரண்டு கையையும் விரித்தார். "நீங்கள்தான் மனம் மாறி எழுதினியளெண்டு நினைச்சன் தங்கச்சி." பெட்டியைத் திறந்து தாளைத் தேடி எடுத்துத் தந்தார்.

மூன்றாவது பெயர் பிரெஞ்சில் இருந்தது. இங்கத்தைய பள்ளிக்கூடத்தில் பழக்குகிற அந்தச் சுருட்டை எழுத்து, நீல மை. இம்மாகுலேற் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் எழுதினனீ?"

"அப்பாவை ஒரு இடத்திலையும் எடுக்கேல்லை. உள்ளுக்கு விடுமட்டும் நடக்கோணுமெண்டு ரதி அன்ரி சொன்னவ."

எனக்கு என் நாக்கைக் கடிக்கவேண்டும் போல இருந்தது. இம்மாகுலேற் என்னிடம் பேனை கேட்டாள். கொடுத்தேன்.

"அப்பாக்கு எங்கடை வீடு இருக்கு. வந்தால் அங்கைதான் வருவார். விளங்குதே?" பேனையை அந்தப் பெயரில் வைத்து வெட்டப் போனாள்.

"அவருக்கு எங்கடை விலாசம் தெரியாதே, அம்மா."

பேனை அப்படியே நின்றது. பின்னால் ஆட்கள் கதிரைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இம்மாகுலேற் பெயரை வெட்டவில்லை. தாளைப் பெட்டியின் மேல் வைத்து, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் பெயரையும் கட்டட இலக்கத்தையும் நாலாம் மாடி, இடப்பக்கக் கதவு என்பதையும் எழுதி, பத்திநாதரிடம் திருப்பிக் கொடுத்தாள்.