சிவப்புக் கண்ணாடிக்குள் எரிந்த தீ

மே மாத வெயிலை இப்போது போனில் நிறம் பூசிய வரைபடமாகவே காட்டுகிறார்கள். நேற்று மகள் அதைக் கொண்டுவந்து, "அப்பா, பெரம்பலூரு எந்தக் கலர்ல இருக்கு பாருங்க, பயமா இருக்கு" என்றாள். எனக்குப் பயம் வரவில்லை. நம் ஊரும் ஊட்டியும் ஒரே நிறமாகத் தெரிகிறவனுக்கு எப்படி வரும்?

சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே எனக்கு ஒன்றுதான். ரயில்வே மெடிக்கலில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணைக் கேட்டார்கள். புள்ளிகள் அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ரயிலே வராத ஊர்க்காரனுக்கு ரயில்வே உத்தியோகம் எதற்கு என்று தேற்றிக்கொண்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சுண்ணாம்புக்கல் தூசியில் முதல் மழை விழும் வாசனை இன்றும் என்னைப் பஸ் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

சேர்ந்த இடத்தைக் கேளுங்கள். படுத்த வாக்கில் மெல்லச் சுழலும் நீளமான இரும்புச் சூளை, கில்ன் என்போம். நிலக்கரித் தூளும் காற்றும் உள்ளே கலந்து எரியும். எந்தத் தெர்மாமீட்டரை நீட்டினாலும் அதுவும் சிமெண்டோடு சிமெண்டாகிவிடும். அதனால் தீயின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைச் சொல்வார்கள். சிவந்தால் போதாது, மஞ்சள் வெளுத்தால் பதம். விதிக்கு என்மேல் தனிப் பிரியம்.

சூளைத் தீயைக் கவனிக்கும் கலியபெருமாள் அண்ணன் கறுப்புக் கண்ணாடியை நீட்டி, "தீ எப்புடிடா இருக்கு?" என்பார். என்னோடு சேர்ந்த அன்பழகன் முந்திக்கொண்டு பதில் சொல்வான். நான் அதையே கொஞ்சம் இழுத்துச் சொல்வேன். வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம் அது. என் கண் விஷயம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் சோற்றுத் தட்டு வரை கூடவே வந்தது.

அன்பழகன் அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்ட அன்று மாட்டிக்கொண்டேன். ஷிப்ட் எஞ்சினியரும் பக்கத்தில் நின்றிருந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "லேசா பச்சையா இருக்குங்க" என்றேன்.

"பச்சையா? உள்ள என்ன வாழக்காயாடா வேவுது?"

அண்ணன் சிரித்தார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு அறைக்குள் போய், கைப்பிடி வைத்த குழாய் ஒன்றை எடுத்து வந்தார். எட்ட நின்றே சூட்டை அளக்கும் பைரோமீட்டர், யாரும் அதிகம் தொடாதது.

"கலர் சொல்ல வேணாம். உள்ள ஒரு கம்பி தெரியும். இந்தக் குமிழத் திருகிட்டே வா, கம்பி மறைஞ்சதும் சொல்லு."

குழாயின் பக்கத்தில் சூட்டைக் காட்டும் முள் நிற்கும் இடத்தைத் தன் கையால் மூடிக்கொண்டார். நான் கண்ணை வைத்தேன். குழாய்க்குள் சிவப்புக் கண்ணாடி. அதற்கப்பால் அந்தப் பெரிய தீ, ஓசையில்லாமல், ஒரே நிறமாக, அந்தி மேகம் உருள்வதுபோல் உருண்டுகொண்டிருந்தது. குறுக்கே, குழாய்க்குள்ளேயே இருந்த சிறு விளக்கின் மெல்லிய கம்பி கறுப்பாக நின்றது. குமிழைத் திருகத் திருகக் கம்பி ஒளிபெற்றது. ஒரு கணத்தில் தீக்குள் கரைந்து இல்லாமல் போனது. தீயும் கம்பியும் ஒரே பிரகாசத்துக்கு வந்துவிட்டன. எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

"மறைஞ்சிருச்சுங்க."

அடுத்து அண்ணன் பார்த்தார். பிறகு எஞ்சினியர். மூன்று முறையும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

"கண்ணாடி போட்டுட்டா எல்லாருக்கும் ஒரே கலருதான்" என்றார் எஞ்சினியர், யாரையும் பார்க்காமல். "இனிமே மீட்டர் இவன்கிட்டயே இருக்கட்டும்."

அழுகை முட்டியது. தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தத் தீயைப் பார்த்தேன், சலிக்கவே இல்லை.

பிறகு கேமரா வந்தது. குளிரூட்டிய அறையில் திரைமேல் சூளையே வண்ண வண்ணமாகத் தெரிந்தது. பையன்கள் ஓரக்கண்ணால் பார்த்தே, "சார், செவப்பு ஏறுது" என்றார்கள். நான் தலையாட்டினேன். தீ பார்க்கும் துவாரத்துக்கு யாரும் போவதில்லை. அந்தச் சிவப்புக் கண்ணாடிக் குழாய் எந்தக் கழிவோடு போனதோ தெரியாது. உலகத்தில் எல்லாரும் என்னைப் போலவே பார்த்த இடம் அது ஒன்றுதான்.