தங்கைக்கு வந்த வரன்

டண்டினொங்கில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியும் எங்களைப் போல மலேசியாவிலிருந்து வந்தவர். போன குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, விபத்தில் இறந்துபோன தன் மகனுக்குப் பெண் கேட்டார். அவர் கேட்டது காய்ச்சலில் இறந்துபோன என் தங்கையை.

"கனவுல வந்து தனியா இருக்கேன்னு அழறான் லா. ரெண்டு பேருக்கும் காகிதப் பொம்மை செஞ்சு, கல்யாணம் பண்ணி எரிப்போம். அப்புறம் அவ எங்க வீட்டுப் பொண்ணு. போட்டோவும் பொறந்த நேரமும் போதும்."

நான் மறுக்க வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"பையனுக்கு என்ன நட்சத்திரம்?"

"நட்சத்திரம் இல்ல. எங்க கணக்குல முயல் வருஷம்."

"குடிப்பானா?"

"அம்மா, வேணாம்மா," என்றேன்.

"நீ சும்மா இரு. உன்னைக்கூட இப்படித் தேடிவந்து யாரும் கேக்கல."

அம்மா சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் குரல் கேட்டது. நடுநடுவே, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்றது. தங்கையின் படத்தோடு வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"சரின்னுட்டா."

ஆன்ட்டி படத்தை நெஞ்சோடு அணைத்து வாசலைத் தாண்டினார். தாண்டிய பிறகும் கதவைத் திறந்தே பிடித்திருந்தார்.

"போய்ட்டு வாம்மா," என்றார் அம்மா, வெறும் நடைக்கூடத்தைப் பார்த்து.

நான் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன்.