தேன்சிட்டுக்குக் கட்டிய கயிறு

எட்டு வயதில் எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் இருக்கவில்லை. அதனால் வீட்டிலிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எழுபதுகளின் நடுவில், ஊரைவிட்டுக் கடல்கடந்து வந்து, வென்ட்வேர்த்வில்லில் ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் சித்தப்பாவும் எங்களோடுதான். அவர்களுக்குக் கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளைகள் இல்லை. சின்னம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருவார். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பின்விறாந்தைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். பேச்சுக் கொடுத்தால் பாதிக்குத்தான் பதில் வரும்.

அந்த வசந்தத்தில் வேலியோரத்தில் தூரிகை போலச் சிவப்பாய்ப் பூத்திருந்த பொட்டில்பிரஷ் மரத்துக்கு ஒரு குருவி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தலையும் நெஞ்சும் நல்ல சிவப்பு, வளைந்த சொண்டு.

"இஞ்ச பாரன், எங்கட தேன்சிட்டு!" என்றார் சின்னம்மா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊரில் எங்கள் விறாந்தை விளக்குக் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூட்டைத் தொங்கவிட்டதாம். அந்த வருடம்தான் அம்மாவின் வயிற்றில் நான் தங்கினேனாம். இதைச் சொல்லிக்கொண்டே விறாந்தைக் கூரை வளையில் ஒரு தும்புக்கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பார்.

எனக்குச் சந்தேகம். பள்ளி லைப்ரரியிலிருந்து பறவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இரண்டு நாள் மரத்தடியில் காத்திருந்து, சொண்டையும் செட்டையையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"சின்னம்மா, இது தேன்சிட்டே இல்லை. ஹனிஈட்டர், வேற இனம். கயித்தில கூட்டைத் தொங்கவிடாது. மரக்கவட்டில கிண்ணம் மாதிரித்தான் கட்டும். பூ முடிய வடக்க போயிடும்."

"அப்ப இஞ்ச வராதோ?"

"வராது," என்றேன், வகுப்பில் முதலாவதாக வந்தவள் போல. "ரெண்டு முட்டை இடும். தாயும் தகப்பனும் சேர்ந்துதான் குஞ்சுகளுக்கு..."

அம்மா குசினியிலிருந்து வந்து என் தொடையில் நன்றாகக் கிள்ளினார்.

"பிள்ளையை விடுங்கோ அக்கா, சரியாத்தானே சொல்லுது."

சின்னம்மா கதிரையில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு ஒரே ஆத்திரம். அடுத்த நாள் பள்ளியில் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பிறகு அம்மா ஏன் கிள்ளினார் என்று பல நாள் யோசித்தேன். சின்னம்மா ஏன் கயிறு கட்டினார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.