மண்ணுக்குத் தைத்த கோட்டு

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பீரோட் நகரத்துத் திஹோமிருக்கு அந்த ஆடைப் பாதியை எழுபது வயது வரை மற்றவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

சின்ன வயதில் அம்மா பின்னிய கம்பளிச் சட்டை, உடம்பெல்லாம் அரிக்கும். வாலிபத்தில் கூட்டாளிகள் எல்லை தாண்டி இத்தாலிக்குப் போய் ஜீன்ஸ் வாங்கினார்கள் என்று இவரும் ஒன்று வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அப்புறம் ராணுவச் சட்டை, பஸ் ஓட்டுநர் சட்டை. கல்யாணமானதும் மனைவி தெசாங்கா பொறுப்பேற்றாள். எல்லாம் பழுப்பு. அழுக்குத் தெரியாதாம். ஊரே டிராக் சூட்டில் திரிந்த காலத்தில்கூட எங்கேயோ தேடிப் பழுப்பில் ஒன்று பிடித்துவந்தாள்.

போன வசந்தத்தில், அந்த ஊரில் வயதானவர்கள் எல்லார் வீட்டிலும் செய்வதுபோல, அவளும் புதைக்கும்போது உடுத்த வேண்டிய துணிகளை எடுத்துத் துணிப்பெட்டியில் வைத்தாள். அவளுக்குக் கறுப்புக் கவுன். அவருக்குப் பழுப்புக் கோட்டு.

"அங்கேயும் பழுப்பாடி?"

"அங்க யாருய்யா உன்னப் பாக்கப்போறா?"

"யாரும் பாக்கலைன்னா எனக்குப் புடிச்சதப் போட்டுக்கறேன்."

நேரே தையற்காரரிடம் போய், வான நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட கோட்டும் பேன்ட்டும் தைத்து வாங்கிவந்தார். தெசாங்கா பார்த்தாள்.

"இந்தக் கோலத்துல படுத்தா, உன் பக்கத்துல என்னயப் புதைக்க வேணாம். எங்கம்மா பக்கத்துல போயிடறேன்."

திஹோமிருக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் அவள் குறட்டையைக் கேட்டே தூங்கியவர். அங்கே தனியாகப் படுப்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. ஆனால் கோட்டை விடவும் மனம் வரவில்லை.

அதற்குமேல் இன்னொரு வேதனை. பீரோட்காரர்கள் கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர்கள். இவ்வளவு நல்ல துணியை மண்ணுக்கு மட்டும் கொடுப்பதா என்று அவருக்கு வயிறு எரிந்தது. மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு, மனைவியோடு சந்தைக்கு மிளகாய் வாங்கப் போனார்.

"தேஞ்சுபோனா சாகறப்ப என்னத்தய்யா போடுவ?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள் தெசாங்கா.

"தேயறவரைக்கும் சாகல, போ."

மிளகாய்க்காரி ஜிவ்கா தராசைக் கீழே வைத்துவிட்டாள். "அடேயப்பா! என்னண்ணே, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டீங்களா?" பிறகு தெசாங்காவைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள். "கூட வந்திருக்கறது உங்கம்மாங்களா?"

தெசாங்கா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் பெட்டியைத் திறந்து, கறுப்புக் கவுனைத் தோளில் வைத்துக் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். திஹோமிர் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தக் காலத்து ஜீன்ஸைப் போட்டதுபோல.

"யோவ்."

"என்னடி?"

"அந்தத் தையக்காரன்கிட்ட செவப்புத் துணி இருக்கா?"

"எதுக்கு?"

"உன் பக்கத்துல படுக்கணுமில்ல."