கடைசி முடிச்சு போடாத சட்டை

அந்தத் தெருவில் செல்வராணி பின்னிய சட்டையைப் போடாத பிள்ளை கிடையாது. கணவர் மந்திரமூர்த்தியின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது உளுந்து கேட்டால், "இந்த வரிசை முடியட்டும்" என்பாள். குரோஷா ஊசி அப்புறம்தான் மடியில் இறங்கும். ஆனால் பிறந்த பிள்ளைக்குத்தான் பின்னுவாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் துணி சேர்க்கக் கூடாது என்பது வழக்கம்.

ஒரே ஒரு தடவை ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மகள் இந்துமதிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிச் சட்டை பின்னி முடித்தாள். அந்த வாரமே பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார். செல்வராணிக்கு ஒரே காரணம்தான்.

பிறகு சிற்பி பத்மஸ்ரீ வந்தாள். துறைமுகத்துப் பழைய இரும்பில், கடற்கரைப் பூங்காவில் மாடி உயரத்துக்கு ஒரு குழந்தையைச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு வலை நூலில் சட்டை வேண்டுமாம். செல்வராணி வாய் நிறையச் சரி என்றாள். அடுத்த மாதமே இந்துமதி மறுபடி உண்டானாள். அதற்குள் நூல் வந்து வீடெல்லாம் மலையாகக் கிடந்தது.

"இரும்புக்குத்தானே பின்னுதேன் யக்கா" என்று பக்கத்து வீட்டு முப்பிடாதியிடம் சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏளா, இரும்போ எலும்போ, பிள்ளைச் சட்டை பிள்ளைச் சட்டைதானே?"

அன்றிலிருந்து செல்வராணிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டையின் இடது கையில் கடைசி முடிச்சைப் போடாமல் விட்டுவிடுவது. முடிக்காத சட்டை சட்டையே இல்லையே! தனக்குத் தானே வக்கீல், தானே ஜட்ஜ்.

திறப்பு நாளன்று சாரம் கட்டிச் சட்டையை மாட்டினார்கள். கடைசிக் கண்ணியில் ஊசி அப்படியே தொங்கியது.

"ஆன்ட்டி, காத்து பலமா அடிக்கறது. முடிச்சு இல்லேன்னா எல்லாம் பிரிஞ்சுடும்" என்றாள் பத்மஸ்ரீ. "நானே போட்டுடட்டுமா?"

"போடாதம்மா!" செல்வராணி போட்ட சத்தத்தில் பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எம் மவ நல்லபடியாப் பெத்து எந்திரிக்கட்டும். பெறவு ஆயிரம் முடிச்சுப் போடுதேன்."

அந்த நேரம் பார்த்து மருமகன் செந்தில்முருகனின் போன் வந்தது. "அத்தை, வலி வந்துட்டு. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

பத்மஸ்ரீ அவள் முகத்தைப் பார்த்தாள். "போங்கோ ஆன்ட்டி. நான் தொடமாட்டேன்."

பிரசவ அறை வாசலில் நிற்கும்போது முப்பிடாதி போனில் கூப்பிட்டாள். "ஏளா, சட்டைக் கை முழங்கை வரைக்கும் பிரிஞ்சிட்டு. சனமெல்லாம் சிரிக்கி!"

"பிரியட்டும் யக்கா. தோள் வரைக்கும் பிரியட்டும்!"

உள்ளே ஒரு சின்ன அழுகை கேட்டது. செல்வராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பிள்ளயச் சுத்தத் துணி குடுங்கம்மா."

தான் கட்டி வைத்து மருமகன் தூக்கி வந்திருந்த பையைச் செல்வராணி கொட்டிக் கவிழ்த்தாள். பிளாஸ்க், டம்ளர், சீப்பு, மகளுக்கு நைட்டி. பிள்ளைக்கென்று ஒரு முழத் துணி இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து வைக்கக்கூட இத்தனை மாதமும் அவளுக்குக் கை வரவில்லை.

"பேறுகாலத்துக்கு வந்தவிய ஒரு துணிகூடவா கொண்டாரல?" என்றாள் நர்ஸ்.

பெஞ்சில் இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வந்து ஒரு வெள்ளைத் துணியை நீட்டினாள். "இந்தாங்க, எம் பேரனுக்குச் சுத்துனது. துவச்சதுதான்."

செல்வராணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் வாய்விட்டு அழுதாள்.